ஒரே நீர், பல மாதிரிகள்: எஃப்எம்ஐ தரநிலை எதை இணைக்கிறது, எதை நம் பொறுப்பில் விடுகிறது?

நீலகிரியின் குந்தா பகுதியில் 500 மெகாவாட் நீரேற்று மின்திட்டம் எழுந்துவருகிறது. தலா 125 மெகாவாட் திறனில் நான்கு இயந்திரங்கள். மேலே போர்த்திமந்து அணை, கீழே அவலாஞ்சி–எமரால்டு நீர்த்தேக்கங்கள். மின்சாரம் மிஞ்சும் வேளையில் கீழிருக்கும் நீரை மேலே ஏற்றிவைப்பதும், தேவை கூடும் வேளையில் அதையே இறக்கி மின்சாரம் எடுப்பதும்தான் நீரேற்றுத் திட்டத்தின் வேலை.

இப்படிப்பட்ட திட்டங்களைப் பற்றிப் படிக்கும்போது "டிஜிட்டல் இரட்டை" (நிஜ அமைப்பின் கணினிப் பிரதி), "கூட்டு சிமுலேஷன்", "எஃப்எம்ஐ ஆதரவு" ஆகிய சொற்கள் அடிக்கடி கண்ணில் படுகின்றன. ஊட்டியிலோ குன்னூரிலோ பொறியியல் படிக்கும் மாணவருக்குக்கூட இவை மிரட்சி தரக்கூடும். மின்நிலையத்தைக் கட்டி முடிப்பதற்கு முன்பே கணினியில் ஓட்டிப் பார்க்கிறார்கள் என்பது புரிகிறது. குழாயை வடிவமைத்தவர் ஒருவர், டர்பைன் செய்தவர் மற்றொருவர், மின்கட்டமைப்பைக் கணக்கிட்டவர் மூன்றாமவர் என்றிருக்க, மூவரின் கணக்கையும் ஒரே ஓட்டமாக ஓட்டுவது எப்படி? அதற்கான விடைதான் எஃப்எம்ஐ என்ற தரநிலை. அந்த விடை எவ்வளவு தூரம் செல்லும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் முழுமையாகும்.

மாதிரி என்றால் எது?

இங்கே மாதிரி என்பது பொம்மையோ முப்பரிமாணப் படமோ அல்ல. காலத்தோடு மாறும் ஒன்றை எழுதிவைத்த சமன்பாடுகளின் தொகுப்பு. எமரால்டு அணையில் இப்போது எவ்வளவு நீர் இருக்கிறது என்பது ஒரு "நிலை". நொடிக்கு எவ்வளவு வருகிறது, எவ்வளவு போகிறது என்பது அந்த நிலை மாறும் வீதம். இன்றைய நிலையும் மாறும் வீதமும் தெரிந்தால் அடுத்த நொடியின் நிலையைக் கணக்கிடலாம். அதிலிருந்து அதற்கடுத்த நொடியை. இப்படிக் காலத்தைச் சிறுசிறு படிகளாக நறுக்கி, ஒவ்வொரு படியாக ஏறிச்செல்லும் கணக்கு முறைக்கு சால்வர் என்று பெயர். சமன்பாடுகள் ஒரு பக்கம், அவற்றைத் தீர்க்கும் சால்வர் ஒரு பக்கம். இந்தப் பிரிவினையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

சிக்கல் கருவிகளில் தொடங்குகிறது. குழாய்க்காரர் ஒரு மென்பொருளில் எழுதுகிறார். கவர்னர், அதாவது டர்பைனின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி, செய்கிறவர் வேறொன்றில் எழுதுகிறார். பத்து மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேச வேண்டுமானால், ஒவ்வொன்றிலிருந்தும் மற்ற ஒன்பதுக்கும் ஒரு மாற்றி எழுத வேண்டும்: மொத்தம் 90. எல்லோரும் ஒரே பொது வடிவத்துக்கு ஒப்புக்கொண்டால், ஆளுக்கு ஓர் ஏற்றுமதி, ஓர் இறக்குமதி, இருபதோடு முடிந்துவிடும்.

இதைவிடக் கூர்மையான சிக்கல் இன்னொன்று உண்டு. டர்பைன் நிறுவனம் தன் சமன்பாடுகளை வெளியே காட்ட விரும்பாது. பல ஆண்டு சோதனையில் சேர்த்த சொத்து அது. "உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள், இந்த அழுத்தம் கொடுத்தால் இந்த ஓட்டம் வரும், அதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லவே அது விரும்பும்.

கார் தொழிலிலிருந்து வந்த விடை

கார் தொழிலில் இந்த இரண்டு சிக்கலும் முற்றியிருந்தன. எஞ்சின், கியர்பெட்டி, பிரேக் எல்லாம் வெவ்வேறு நிறுவனங்களிடமிருந்து வருபவை. ஐரோப்பாவில் 2008-இல் தொடங்கி 2011 வரை நடந்த மாடலிசார் என்ற கூட்டாய்வுத் திட்டத்தில், டெய்ம்லர் நிறுவனத்தின் முன்முயற்சியில், ஃபங்ஷனல் மாக்-அப் இன்டர்ஃபேஸ் என்ற பொது இடைமுகம் உருவானது. சுருக்கமாக எஃப்எம்ஐ. முதல் பதிப்பு 2010-இல் வந்தது. பரவலாகப் புழங்கும் 2.0 பதிப்பு 2014 ஜூலையிலும், 3.0 பதிப்பு 2022 மே மாதத்திலும் வெளியாயின. இப்போது இதைப் பராமரிப்பது மாடலிக்கா சங்கம். 1997-இல் முதல் வரையறை வெளியான மாடலிக்கா என்ற மாதிரி எழுதும் மொழியின் பின்னாலிருக்கும் அமைப்புதான் அது. தரநிலை இலவசம், எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம். நூற்றுக்கு மேற்பட்ட மென்பொருள்கள் இன்று இதை ஏதோ ஓர் அளவில் ஆதரிக்கின்றன. அந்த "ஏதோ ஓர் அளவில்" என்ற சொற்களுக்குப் பிறகு வருகிறேன்.

இடைமுகம் என்றால் என்ன என்பதற்கு நீலகிரி மலை ரயிலைக் காட்டிலும் நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. கல்லாற்றிலிருந்து குன்னூர் வரை தண்டவாளங்களின் நடுவே பல்சட்டம் போடப்பட்டிருக்கிறது. ஏற்றம் 12.28-க்கு 1 வரை செங்குத்தான பாதை. எஞ்சினுக்கு அடியிலுள்ள பல்சக்கரம் அந்தச் சட்டத்தைக் கவ்வித்தான் ஏற முடியும். முதலில் வந்த எஞ்சின்கள் நிலக்கரியில் ஓடின. பின்னர் சில எண்ணெய்க்கு மாற்றப்பட்டன. திருச்சி பொன்மலைப் பணிமனை புதிய எஞ்சின்களையும் கட்டிக்கொடுத்தது. கொதிகலனுக்குள் எதை எரித்தாலும் பல்சட்டத்துக்குக் கவலையில்லை. பல்லின் இடைவெளியும் உயரமும் பொருந்தினால் போதும், எஞ்சின் ஏறிவிடும். எஃப்எம்ஐ வரையறுப்பதும் பல்லைத்தான். கொதிகலன் அதன் வேலையில்லை.

பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது?

எஃப்எம்ஐ முறைப்படி பொதிந்த ஒரு மாதிரிக்கு எஃப்எம்யூ என்று பெயர். பார்ப்பதற்கு ஒரே கோப்பு. அது ஒரு சாதாரண ஜிப் பொட்டலம்தான். பெயரின் வாலை மாற்றிப் பிரித்துப் பார்த்துவிடலாம். உள்ளே முக்கியமாக இரண்டு பொருள்கள் இருக்கும்.

1. ஓர் எக்ஸ்எம்எல் விவரக்கோப்பு. மாதிரியில் என்னென்ன மாறிகள் இருக்கின்றன, எது உள்ளீடு, எது வெளியீடு, எது முன்கூட்டியே நிர்ணயிக்கும் அளவுரு, எது ஓட்டத்தில் மாறும், எது மாறாது, அலகு என்ன என்ற பட்டியல். ஒவ்வொரு மாறிக்கும் ஓர் எண் உண்டு. ஓட்டத்தின்போது பெயர் சொல்லாமல் இந்த எண்ணைச் சொல்லியே மதிப்பைக் கேட்பார்கள், கொடுப்பார்கள்.

2. சி மொழி இலக்கணப்படி அழைக்கக்கூடிய செயல்கூறுகள். பெரும்பாலும் தொகுக்கப்பட்ட இரும வடிவில், விண்டோஸுக்கு ஒன்று, லினக்ஸுக்கு ஒன்று எனத் தனித்தனி அடைவுகளில் இருக்கும். விரும்பினால் மூல நிரலையும் சேர்க்கலாம், கட்டாயமில்லை. டர்பைன் நிறுவனம் தன் ரகசியத்தைக் காத்துக்கொள்வது இந்த இடத்தில்தான்.

அட்டவணைகள், ஆவணங்கள் போன்றவற்றுக்கும் அடைவுகள் உண்டு. எடுத்துக்காட்டாக, கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் பச்சை இலையை வாட வைக்கும் தொட்டியை எஃப்எம்யூ ஆக்குவதாக வைத்துக்கொள்வோம். நீளமான தொட்டி, மேலே கம்பிவலை, வலைமேல் பரப்பிய இலை, ஒரு முனையில் காற்றாடி. காற்றின் வெப்பநிலையும் ஈரப்பதமும் காற்றோட்டமும் உள்ளீடுகள். இலையில் மிஞ்சியுள்ள ஈரம் வெளியீடு. சதுர மீட்டருக்கு எத்தனை கிலோ இலை பரப்பினார்கள் என்பது அளவுரு. பறித்து வந்த இலையின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். அது மெல்ல இறங்கும் வரலாறு முழுவதும் பொட்டலத்துக்குள் இருக்கும். இலையை உள்ளங்கையில் அழுத்திப் பார்த்து "போதும்" என்று சொல்லும் அனுபவசாலியின் தீர்ப்பு மட்டும் அதில் வராது.

சால்வர் யாருடையது?

முதலில் சொன்ன பிரிவினை இங்கே வருகிறது. எஃப்எம்ஐ இரண்டு விதமான பரிமாற்றத்தை ஆரம்பம் முதலே வகுத்திருக்கிறது.

மாதிரிப் பரிமாற்றம் என்ற முதல் வகையில், பொட்டலத்துக்குள் சமன்பாடுகள் மட்டும் இருக்கும். "இந்த நிலையில் உன் மாறும் வீதம் என்ன?" என்று வெளியேயுள்ள கருவி கேட்கும், பொட்டலம் பதில் சொல்லும். காலத்தைப் படிப்படியாக ஏறுவது வெளிக்கருவியின் சால்வர். எல்லா மாதிரிகளும் ஒரே சால்வரின் கையில் இருப்பதால் துல்லியம் நன்றாக இருக்கும். மிக வேகமான பகுதியும் மிக மெதுவான பகுதியும் ஒரே கட்டையில் கட்டுண்டு கிடப்பது இதன் தொல்லை.

கூட்டு சிமுலேஷன் என்ற இரண்டாம் வகையில், பொட்டலம் தன் சால்வரையும் கூடவே கொண்டுவரும். வெளியேயிருக்கும் ஒருங்கிணைப்பாளர் நிரல் "இப்போது நேரம் இவ்வளவு, இன்னும் இவ்வளவு தூரம் போ" என்று ஒரே கட்டளை இடும். பொட்டலம் உள்ளுக்குள் எத்தனை சிறு படி வேண்டுமானாலும் வைத்துப் போய்ச் சேரும். சேர்ந்த பிறகு மதிப்புகளைப் பரிமாறிக்கொள்வார்கள். அடுத்த கட்டளை.

மலை ரயிலில் ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிரேக்காரர் நின்றபடி வருவதைப் பார்த்திருப்பீர்கள். ஓட்டுநரின் விசில் கேட்டுத் தன் பெட்டியின் பிரேக்கைத் தானே கையாள்வார். கொடியால் சேதி சொல்வார். இரண்டு சேதிகளுக்கு நடுவே முன்பெட்டியில் என்ன நடக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. கடைசியாகக் கேட்டதை வைத்தே செயல்படுவார். கூட்டு சிமுலேஷனும் அப்படித்தான். இரண்டு பரிமாற்றங்களுக்கு நடுவே ஒவ்வொரு மாதிரியும் பக்கத்து மாதிரியின் பழைய மதிப்பை நம்பி ஓடுகிறது. இந்த வகையின் வசதிக்கும் அபாயத்துக்கும் மூலம் இதுவே.

வசதி எவ்வளவு என்று பார்க்கத் தேயிலைத் தொட்டிக்கே போகலாம். இலை வாட 14 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் 50,400 நொடிகள். காற்றாடி மோட்டாருக்கு வரும் மாறுமின்னோட்டத்தின் ஒரு சுற்று 20 மில்லிநொடி. அதை ஒழுங்காகப் பிடிக்க ஒரு மில்லிநொடிப் படி வேண்டும். அந்தப் படியில் மொத்தத்தையும் ஓட்டினால் 5 கோடியே 4 லட்சம் படிகள். ஈரம் இறங்கும் வேகத்துக்கோ பத்து நொடிக்கு ஒரு படி தாராளம். 5,040 படிகளில் முடிந்துவிடும். கூட்டு சிமுலேஷனில் மோட்டார் மாதிரி தன் வேகத்தில் ஓடட்டும், இலை மாதிரி தன் வேகத்தில் போகட்டும் என்று விட்டுவிடலாம்.

எண்களோடு ஓர் அபாயம்

அபாயத்தைப் பேச்சில் சொன்னால் பிடிபடாது. ஒரு சிறு கணக்கு போடுவோம். எண்கள் விளக்கத்துக்காக எடுத்தவை.

குழாய் மாதிரி ஒன்று. ஓட்டம் கூடக்கூட உராய்வால் முனையில் கிடைக்கும் அழுத்த உயரம், அதாவது நீரின் உயரமாகச் சொன்ன அழுத்தம், குறைகிறது: உயரம் = 100 − 2 × ஓட்டம். டர்பைன் மாதிரி ஒன்று. அழுத்தம் கூடினால் ஓட்டம் கூடுகிறது: ஓட்டம் = 0.6 × உயரம். இரண்டையும் ஒரே தாளில் எழுதித் தீர்த்தால் விடை உடனே வந்துவிடும்: உயரம் 45.45. இதில் தகராறு இல்லை.

இப்போது இரண்டையும் தனித்தனிப் பொட்டலமாக்கி, ஒருவர் மற்றவரின் முந்தைய மதிப்பை வாங்கிக்கொள்ளும்படி விடுவோம். உயரம் 50 என்று தொடங்குகிறோம்.

1. டர்பைன் 50 என்று கேட்டு ஓட்டம் 30 என்கிறது. குழாய் அதைக் கேட்டு உயரம் 40 என்கிறது.
2. டர்பைன் 24 என்கிறது. குழாய் 52 என்கிறது.
3. டர்பைன் 31.2, குழாய் 37.6.
4. டர்பைன் 22.56; குழாய் 54.88.

50, 40, 52, 37.6, 54.88. விடையை நெருங்குவதற்குப் பதிலாக ஒவ்வொரு சுற்றிலும் விலகிப்போகிறது. இரண்டு மாதிரியிலும் பிழை இல்லை. எஃப்எம்ஐ விதிகளும் மீறப்படவில்லை. காலப்படியைச் சிறிதாக்கினால் சரியாகும் என்று முதலில் தோன்றும், ஆகாது. இந்தக் கணக்கில் காலமே இல்லை என்பதைக் கவனியுங்கள். படியைப் பத்தில் ஒன்றாக்கினால் பத்து மடங்கு வேகமாகச் சிதறும், அவ்வளவுதான்.

இனித் திசையை மாற்றிப் பார்ப்போம். அதே சமன்பாடுகள்தான். குழாய் உயரத்தை வாங்கி ஓட்டத்தைச் சொல்லட்டும். டர்பைன் ஓட்டத்தை வாங்கி உயரத்தைச் சொல்லட்டும். 50-இல் தொடங்கினால் குழாய் 25 என்கிறது, டர்பைன் 41.67 என்கிறது. அடுத்து 48.61. அடுத்து 42.82. அதற்கடுத்து 47.65. ஊசலாடிக்கொண்டே 45.45-ஐ நோக்கி அடங்குகிறது. முதல் அமைப்பில் பிழை ஒவ்வொரு சுற்றிலும் 1.2 மடங்கு பெருகியது, இரண்டாவதில் 1.2-ஆல் வகுபடுகிறது.

ஒரே தண்ணீர், ஒரே குழாய். யார் கேட்பது, யார் சொல்வது என்பது மட்டும் மாறியது. மின்நிலையத்தில் உண்மையான நீருக்கு இப்படி ஒரு கேள்வியே கிடையாது. அங்கே அழுத்தமும் ஓட்டமும் ஒரே கணத்தில் ஒத்துப்போகின்றன. உள்ளீடு, வெளியீடு என்ற பிரிவினை நாம் கணக்குக்காகக் கொண்டுவந்தது. எஃப்எம்ஐ அந்தத் திசையை விவரக்கோப்பில் அறிவிக்கச் சொல்கிறது. எந்தத் திசை நல்லது என்று சொல்வதில்லை. ஒருங்கிணைப்பாளர் நிரல் எப்படி இயங்க வேண்டும் என்பதையும் தரநிலை வேண்டுமென்றே வரையறுக்காமல் விட்டிருக்கிறது. இது குறையல்ல என்பது என் கருத்து. அப்படி விட்டிருப்பதை அறியாமல் வாங்குவதுதான் ஆபத்து.

திசையை மாற்ற முடியாத நிலையும் வரும். பொட்டலத்தைச் செய்தவர் கடல் தாண்டி இருப்பார். திறந்து திருத்த மூல நிரல் இருக்காது. அப்போது ஒவ்வொரு படியிலும் பின்னால் போய், மதிப்பைத் திருத்தி, மறுபடி ஓட்டி, இரு பக்கமும் ஒத்துப்போகும்வரை சுற்ற வேண்டும். அதற்குப் பொட்டலம் தன் நிலையைச் சேமித்து மீட்டுக்கொள்ளும் திறனோடு இருக்க வேண்டும். அந்தத் திறன் தரநிலையில் கட்டாயமல்ல, விருப்பம். "எஃப்எம்ஐ ஆதரவு உண்டு" என்று விளம்பரத்தில் இருக்கும். இந்த ஒரு வரி விவரக்கோப்பில் "இல்லை" என்றிருக்கும். முன்பு சொன்ன "ஏதோ ஓர் அளவில்" என்பதன் பொருள் இதுதான்.

எந்த இடத்தில் வெட்டுவது?

பெரிய அமைப்பைப் பல மாதிரிகளாக வெட்டும்போது, பெரும்பாலும் ஒப்பந்தக்காரர்களின் எல்லையில்தான் வெட்டுகிறார்கள். குழாய் ஒரு நிறுவனம், டர்பைன் ஒரு நிறுவனம், அதனால் நடுவே ஒரு கோடு. இயற்பியலுக்கு ஒப்பந்தம் தெரியாது.

மலை மின்நிலையங்களில் இது வெளிப்படையாகத் தெரியும். 1932-இல் இயங்கத் தொடங்கிய பைக்காரா திட்டத்தின் சிங்காரா மின்நிலையத்தில் நீர் 900 மீட்டருக்கும் மேலான உயரத்திலிருந்து இறங்குகிறது. இத்தகைய உயரத்தில் வால்வை வேகமாக மூடினால், ஓடிக்கொண்டிருந்த நீர் நிற்க இடமின்றி குழாயை அறையும். வாட்டர் ஹாமர் என்று பெயர். அந்த அறை ஓர் அழுத்த அலையாகக் குழாய் வழியே மேலே போய்த் திரும்பி வரும். இரும்புக் குழாயில் அலையின் வேகம் நொடிக்குச் சுமார் 1,200 மீட்டர் என்று கொள்ளலாம். நீரின் வேகம் நொடிக்கு ஒரு மீட்டர் திடீரெனக் குறைந்தால் கூடும் அழுத்தம், அலை வேகத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் வகுத்தால் வரும்: 1,200 ÷ 9.81, ஏறக்குறைய 122 மீட்டர் உயர நீரின் எடை. அழுத்த அலகில் சொன்னால் ஏறக்குறைய 12 பார்.

குழாயின் நீளம் 1,200 மீட்டர் என்றால் அலை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக ஒரு நொடி. போய்வர இரண்டு நொடி. இந்த இரண்டு நொடிக்குள் வால்வு மூடினால் முழு அறையும் விழும். கவர்னர் மாதிரியும் குழாய் மாதிரியும் அரை நொடிக்கு ஒருமுறைதான் பேசிக்கொள்கின்றன என்றால், வால்வு மூடும் விவரம் நாலைந்து எண்களாகச் சுருங்கிவிடும். திரையில் வரைபடம் அழகாக வரும்; உச்சி மட்டும் மழுங்கியிருக்கும். குழாயின் தடிமனை அந்த உச்சியை வைத்துத்தான் தீர்மானிப்பார்கள்.

இதே தாமதத்தில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. மேல்முனையில் இப்போது நடப்பது கீழ்முனைக்கு ஒரு நொடி கழித்துத்தான் தெரியும் என்பது இயற்கையின் விதி. ஆகவே குழாயின் இரு முனைகளையும் தனித்தனி மாதிரிகளாக்கினால், ஒவ்வொன்றுக்கும் மற்றதன் ஒரு நொடிக்கு முந்தைய நிலைதான் தேவை. அது ஏற்கெனவே கையில் இருக்கிறது. ஊகிக்க வேண்டியதே இல்லை. மேலே கண்ட 50, 40, 52 என்ற சிதறலுக்கு இடமில்லை. இதை முறைப்படி பயன்படுத்துவதற்குக் கடத்துகோட்டு முறை என்று பெயர். சுவீடனில் லிங்ஷாப்பிங் பல்கலைக்கழகத்தின் ஹாப்சன் மென்பொருள் இந்த முறையில் கட்டப்பட்டது. ஒரு நிபந்தனை: அந்த ஒரு நொடியில் அலை எப்படி ஏறி இறங்கியது என்ற முழு வரலாறும் மறுமுனைக்குப் போய்ச் சேர வேண்டும், கடைசி ஒற்றை மதிப்பு போதாது. 3.0 பதிப்பில் சேர்த்திருக்கும் ஒரு வசதி இங்கே கைகொடுக்கும்: ஒரு நீண்ட படியின் நடுவிலும் மாதிரி தன் இடைமதிப்புகளை வெளியே சொல்லலாம்.

நேரெதிராக, டர்பைனையும் ஜெனரேட்டரையும் இணைக்கும் தண்டில் வெட்டுவது தொல்லை. அங்கே தாமதம் என்று சொல்ல எதுவும் இல்லை. தண்டு விறைப்பானது, ஒருபக்கம் திரும்பினால் மறுபக்கம் உடனே திரும்பும். முடிந்தவரை இரண்டையும் ஒரே பொட்டலத்தில் வைப்பது நல்லது, அதற்காக இரண்டு நிறுவனங்கள் ஒரே மேசையில் உட்கார வேண்டியிருந்தாலும்.

மாதிரிகள் சேரும் மூட்டில் கசியும் மற்றவை

அலகுப் பிழைகளைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். தேயிலைத் தொட்டிக்கு 25 பாகை செல்சியஸ் காற்று வருகிறது. மாதிரி எதிர்பார்ப்பது கெல்வின், 298.15 போக வேண்டிய இடத்தில் 25 போனால் கணக்கு உடனே உடைந்து தெரிந்துவிடும். ஒப்பு ஈரப்பதத்தை 0.85 என்பதா 85 என்பதா என்ற குழப்பமும் வெளிப்பட்டுவிடும். தெரியாமல் ஒளிந்துகொள்வது கூட்டல், கழித்தல் குறியில் வரும் பிழை: உள்ளே வருவதை நேர்மறை என்று ஒருவரும், கீழ்நோக்கிப் போவதை நேர்மறை என்று மற்றவரும் எழுதியிருப்பார்கள். நீரேற்றுத் திட்டத்தில் ஓட்டம் இருதிசையிலும் நடப்பதால் தவறான குறியும் இயல்பாகவே தோன்றும். விவரக்கோப்பில் அலகை எழுத இடம் இருக்கிறது, எழுதியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. குறிக்கு அந்தக் கோப்பில் அப்படித் தனி இடம்கூட இல்லை.

ஆற்றல் கசிவு இன்னும் நுட்பமானது. அழுத்தத்தையும் ஓட்டத்தையும் பெருக்கினால் திறன் வரும். குழாய் தன் பக்கத்தில் கணக்கிட்ட திறனும் டர்பைன் தன் பக்கத்தில் கணக்கிட்ட திறனும் பழைய மதிப்புகளால் சற்றே வேறுபடும். அந்த வேறுபாடு ஒவ்வொரு படியிலும் இல்லாத ஆற்றலாக உருவாகிறது, அல்லது இருந்த ஆற்றலாகக் காணாமல் போகிறது. இரு பக்கத் திறனையும் ஓட்டம் முழுவதும் கூட்டிப் பார்த்து ஒப்பிடுவது மூட்டின் தரத்தை அளக்க எளிய வழி. மாதிரியின் உள்ளே பார்க்காமலே செய்யலாம்.

சேர்ந்து வந்த தரநிலைகள்

எஃப்எம்ஐ ஒரு பொட்டலத்தைப் பற்றித்தான் பேசுகிறது. பல பொட்டலங்களை எப்படிக் கோப்பது, எந்த வெளியீடு எந்த உள்ளீட்டுக்குப் போகிறது, எந்த அளவுருத் தொகுப்பைக் கொடுப்பது என்பதை எழுதிவைக்க எஸ்எஸ்பி என்ற தனித் தரநிலை 2019-இல் வந்தது. வெவ்வேறு கணினிகளிலும் உண்மையான கருவிகளிலும் ஓடும் மாதிரிகளை வலைப்பின்னல் வழியே இணைக்க டிசிபி என்ற நெறிமுறையும் அதே ஆண்டில் வந்தது. இரண்டும் மாடலிக்கா சங்கத்தின் கீழேயே உள்ளன. ராணுவப் பயிற்சி சிமுலேஷன்களிலிருந்து வளர்ந்த ஹெச்எல்ஏ என்ற தரநிலை இவற்றுக்கு மூத்தது, வேறு குடும்பம். ஐ-டிரிபிள்-ஈ என்ற பன்னாட்டுப் பொறியாளர் அமைப்பின் 1516 என்ற எண்ணில் 2000-இல் முறைப்படுத்தப்பட்டது.

எஃப்எம்ஐ 3.0-வில் மூன்றாவது வகை ஒன்றும் சேர்ந்தது: திட்டமிட்ட இயக்கம். கட்டுப்பாட்டுக் கருவிக்குள் ஓடும் நிரலின் ஒவ்வொரு பணியையும் எப்போது இயக்குவது என்பதை வெளியிலிருந்து நிர்ணயிக்கலாம். கடிகாரங்கள், அணிவரிசைகள் ஆகியவையும் இந்தப் பதிப்பில்தான் வந்தன.

பொட்டலம் கைக்கு வந்தால் கேட்க வேண்டியவை

1. எந்தப் பதிப்பு, எந்த வகை? 2.0-வும் 3.0-வும் ஒன்றுக்கொன்று நேரடியாகப் பொருந்தா.
2. நிலையைச் சேமித்து மீட்கும் திறன் உண்டா? இல்லையென்றால் மூட்டில் சுற்றுக் கணக்கு செய்ய முடியாது.
3. மூட்டில் எது உள்ளே வருகிறது, எது வெளியே போகிறது? பக்கத்து மாதிரியோடு சேர்ந்தால் பிழை பெருகுமா, அடங்குமா?
4. நேர்மறைத் திசை எது? எழுத்தில் வேண்டும்.
5. பரிமாற்ற இடைவெளியைப் பாதியாக்கினால் உச்சி மதிப்பு எவ்வளவு மாறுகிறது? மாறிக்கொண்டே இருந்தால் இன்னும் கணக்கு முடியவில்லை.

ஆறாவதாக ஒன்று உண்டு; அது காலத்தைப் பற்றியது. பைக்காரா போன்ற மின்நிலையத்தின் ஆயுளைப் பல பத்தாண்டுகளில்தான் எண்ண வேண்டும். பொட்டலத்துக்குள் இருக்கும் இரும நிரல் இன்றைய இயங்குதளத்துக்காகத் தொகுக்கப்பட்டது; முப்பது ஆண்டு கழித்து வரும் கணினி அதைத் தொடாமலும் போகலாம். மூல நிரல் தர மறுக்கும் நிறுவனத்திடம்கூட ஒன்றைக் கேட்டு வாங்கலாம்: இன்ன உள்ளீட்டுக்கு இன்ன வெளியீடு என்று, தொடங்குதல், முழுச்சுமை, அவசர நிறுத்தம் ஆகிய மூன்று ஓட்டங்களுக்கும் நொடிவாரியாக எழுதிய சாதாரண எண் அட்டவணை. பொட்டலம் திறக்காத நாளில், புதிதாக எழுதும் மாதிரியைச் சரிபார்க்க அந்த அட்டவணை போதும். அதைப் படிக்க எந்த மென்பொருளின் உரிமமும் வேண்டியதில்லை.